அகலமா, நேரமா?

செயற்கைக்கோள் ஒன்று வட துருவத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். அதிலுள்ள எலக்ட்ரான் உணரி பாட்டுக்கு எண்ணிக்கொண்டு வருகிறது. திடீரென எண்ணிக்கை பல மடங்கு எகிறுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். பழைய நிலைக்கே இறங்கிவிடுகிறது. மறுநொடியில் இன்னொரு எகிறல். பிறகு அடுத்தடுத்து மூன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

நடந்ததை இரண்டு விதமாகச் சொல்லலாம். அந்த வட்டாரம் முழுவதிலும் எலக்ட்ரான்கள் ஒரு கணம் கொட்டி ஓய்ந்திருக்கலாம். அல்லது, முக்கால் கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு மெல்லிய தாரை வெகுநேரமாகவே அங்கே விழுந்துகொண்டிருந்து, கோள் அதைக் குறுக்காகக் கடந்திருக்கலாம். இந்த வேகத்தில் முக்கால் கிலோமீட்டரைத் தாண்டப் பத்தில் ஒரு நொடிதான் ஆகும். இரண்டில் எது நடந்திருந்தாலும் வரைபடத்தில் விழுவது ஒரே மாதிரிக் கூர்முனைதான்.

இரவு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சங்கடம் தெரியும். வெளியே பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்து மறைகிறது. மின்னல் வெட்டியதா, எரிந்துகொண்டே இருக்கும் தெருவிளக்கைத் தாண்டி வந்தோமா? அவர் இருக்கும் இடத்திலிருந்து முடிவு செய்ய வழியில்லை. கடைசிப் பெட்டியில் இருக்கும் நண்பருக்கு போன் போட்டால் விஷயம் முடிந்தது. அவரும் அதே கணத்தில் பார்த்திருந்தால் மின்னல். சில நொடி கழித்து, ரயில் அந்த இடத்தைத் தாண்டும்போது பார்த்திருந்தால் தெருவிளக்கு.

பூமியின் கதிர்வீச்சுப் பட்டைகளை ஆராய்ந்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பெட்டி நண்பர் கிடைக்க ஐம்பது ஆண்டு பிடித்தது. கிடைத்தபோது அவர் பிரம்மாண்டமான விண்கலமாக வரவில்லை. மாணவர்கள் கையால் கட்டிய, இரண்டு கிலோ எடையுள்ள பெட்டியாக வந்தார்.

கதையை 1958-லிருந்து சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர்-1 கோளில், ஐயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலனின் கைகர் எண்ணி இருந்தது. காஸ்மிக் கதிர்களை எண்ணுவதற்காக வைத்த கருவி. உயரம் கூடக்கூட எண்ணிக்கையும் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். கூடத்தான் செய்தது, ஆனால் மிக உயரத்தில் சில இடங்களில் பூஜ்ஜியத்துக்கு வந்து நின்றது. மார்ச் மாதம் போன எக்ஸ்புளோரர்-3, முழுச் சுற்றின் தரவையும் காந்த நாடாவில் பதிந்து அனுப்பியபோது காரணம் விளங்கியது. அங்கே துகள்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணவே முடியாத அளவுக்கு அவை மொய்த்ததால் கருவி திணறி வாயடைத்துப் போயிருந்தது. பூமியின் காந்தப்புலம் மின்னூட்டத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்த வளையங்களுக்கு வான் ஆலன் பட்டைகள் என்று பெயர் வந்தது.

பட்டைகள் இரண்டு. உள்பட்டை பெரும்பாலும் புரோட்டான்களால் ஆனது. ஆண்டுக்கணக்கில் அதிக மாற்றமில்லாமல் கிடக்கும். வெளிப்பட்டைதான் சேட்டைக்காரன். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் அங்கே நிறைந்திருக்கின்றன. ஒரே நாளில் அந்தப் பட்டை ஆயிரம் மடங்கு கொழுக்கலாம், சில மணி நேரத்தில் காலியாகவும் செய்யலாம்.

சூரியன் கிளப்பிவிடும் காந்தப் புயல்தான் இந்தக் கொழுப்புக்கும் இளைப்புக்கும் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சொல்வது சுலபம். ஜெஃப் ரீவ்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1989 முதல் 2000 வரை வந்த 276 புயல்களை எடுத்து அலசி, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிப் புயல்களுக்குப் பின் வெளிப்பட்டையில் எலக்ட்ரான்கள் கூடியிருந்தன. ஐந்தில் ஒரு பங்குப் புயல்களுக்குப் பின் குறைந்திருந்தன. மீதியில் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒரு மாற்றமும் இல்லை. புயலின் வலிமைக்கும் விளைவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. வரவும் செலவும் ஒரே சமயத்தில் நடக்கிற வீட்டில் கையிருப்பை மட்டும் பார்த்தால் இப்படித்தான் குழம்பும். செலவை, அதாவது எலக்ட்ரான்கள் எந்த வழியில் எவ்வளவு கழிகின்றன என்பதை, தனியே அளந்தாக வேண்டும்.

அளந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு 1994 ஜனவரி 20-ஐ நினைவுபடுத்தலாம். அன்று கனடாவின் ஆனிக் ஈ-1 தொடர்புக்கோள் நிலை தடுமாறியது. சில மணி நேரத்தில் ஈ-2 கோளும் தடுமாறியது. இரண்டிலும் கோளை நேராக நிறுத்திவைக்கும் சுழல்சக்கரத்தின் மின்சுற்றில் கோளாறு. அதற்கு முந்தைய நாட்களில் வெளிப்பட்டையில் அதிவேக எலக்ட்ரான்கள் மிகுந்திருந்தன. இந்த வகை எலக்ட்ரான்கள் கோளின் உலோகத் தோலைத் துளைத்து உள்ளே போய், மின்கம்பிகளின் காப்புறையில் தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓர் அளவு தாண்டியதும் சிறு மின்னலாக வெடிக்கும். ஈ-1 அன்றே மீண்டது. ஈ-2-ஐ மறுபடி வேலைக்குக் கொண்டுவர மாதங்கள் ஆயின. விண்வெளித் துறையினர் இவற்றைக் கொலைகார எலக்ட்ரான்கள் என்றே அழைக்கிறார்கள். மிகைதான், ஆனாலும் கோளைப் பறிகொடுத்தவர்களின் மிகை.

சரி, பிடிபட்ட எலக்ட்ரான் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது? ஒரே சமயத்தில் மூன்று வேலை. காந்தப்புலக் கோடு ஒன்றைச் சுற்றிச் சுருளாகச் சுழல்கிறது, நொடிக்கு ஆயிரக்கணக்கான சுற்று. அப்படிச் சுழன்றபடியே கோட்டின் வழியே வடக்கிலிருந்து தெற்குக்கும் தெற்கிலிருந்து வடக்குக்கும் ஓடித் திரும்புகிறது. போய்வர ஒரு நொடிகூட ஆகாது. இந்த ஓட்டத்துக்கு நடுவே மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்து பூமியையும் ஒரு வலம் வருகிறது. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள எலக்ட்ரானுக்கு ஒரு வலம் வரச் சுமார் கால் மணி நேரம்.

துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் வலுக்கிறது. அந்த வலுதான் எலக்ட்ரானைத் திருப்பி அனுப்புகிறது. எந்த உயரத்தில் திரும்பும் என்பது, எலக்ட்ரான் கோட்டுக்கு எவ்வளவு சாய்வாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நன்றாகச் சாய்ந்து சுழல்வது உயரத்திலேயே திரும்பிவிடும். கோட்டை ஒட்டி நேராக ஓடுவது ஆழமாக இறங்கும். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால் காற்று மூலக்கூறுகளில் மோதி ஆற்றலை இழந்து தீர்ந்துபோகும். அப்படித் தீர்ந்துபோகக்கூடிய திசைகளை ஒரு கூம்பாக வரைந்து காட்டலாம். இழப்புக் கூம்பு என்பார்கள். வெளிப்பட்டையில், பூமியின் ஆரத்தைப் போல் ஐந்து மடங்கு தூரத்தில், நடுக்கோட்டுத் தளத்தில் பார்த்தால், அந்தக் கூம்பின் அரைக்கோணம் 4 டிகிரிகூட இல்லை. அவ்வளவு குறுகலான வாசல். எலக்ட்ரான் தானாக அதற்குள் போய் விழாது. ஏதாவது ஒன்று தள்ளிவிட வேண்டும்.

அந்த ஐந்து மடங்கு தூரத்தை எட்டும் காந்தக் கோடுகள் தரையைத் தொடும் இடம் காந்த அகலாங்கில் 63 டிகிரி. அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, தெற்கே அண்டார்க்டிகாவின் ஓரம். எனவே இந்த எலக்ட்ரான்கள் கொட்டுவதெல்லாம் அந்தக் குளிர்நாடுகளுக்கு மேலேதான் நடக்கிறது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே ஓடுகிறது. திருநெல்வேலிக்கு மேலே உள்ள புலக்கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடப்பவை, வெளிப்பட்டை வரை எட்டாதவை. நம் தலைக்கு மேல் இந்த எலக்ட்ரான்கள் கொட்ட வழியே இல்லை.

கொட்டுவதை முதலில் நெருங்கிப் பார்த்தவை பலூன்கள். 1960-களின் தொடக்கத்தில் கின்சி ஆண்டர்சன் தலைமையில் பெர்க்லி ஆய்வாளர்கள் துருவ ஒளி மண்டலத்தில் எக்ஸ்-கதிர் உணரிகளைப் பலூனில் ஏற்றி அனுப்பினார்கள். எலக்ட்ரான்கள் பலூன் உயரம் வரை வருவதில்லை. மேலே காற்றில் மோதி அவை நிற்கும்போது எழும் எக்ஸ்-கதிர்தான் கீழே வரும். அந்த எக்ஸ்-கதிரில் கால் நொடிக்கும் குறைவான துடிப்புகள் தெரிந்தன. ஆண்டர்சனும் மில்டனும் 1964-இல் அவற்றை மைக்ரோபர்ஸ்ட் என்ற பெயரில் எழுதினார்கள். இங்கே தெறிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த பெரிய படி சாம்பெக்ஸ். 1992 ஜூலை 3-இல் ஏவப்பட்ட இந்தக் கோள், நாசாவின் சிறு ஆய்வுக்கோள் வரிசையில் முதலாவது. 2012 நவம்பரில் வளிமண்டலத்தில் விழுந்து எரியும் வரை இருபது ஆண்டு சுற்றியது. அதிலிருந்த ஒரு கருவி, பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களை 20 மில்லிநொடிக்கு ஒருமுறை எண்ணியது. தெறிப்புகளை ஆயிரக்கணக்கில் அது பதிந்தது. பெரும்பாலானவை நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில், குறிப்பாகக் காலைப் பக்கத்தில், வெளிப்பட்டைக்கு நேர் கீழே தென்பட்டன. புயல் காலத்தில் மிகுந்தன.

அந்தக் காலைப் பக்கம் ஒரு தடயம். விண்வெளியில் அதே பக்கத்தில்தான் கோரஸ் அலைகள் எழுகின்றன. இவை சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைகள். ஒலிபெருக்கியில் கொடுத்தால் விடியற்காலைத் தோப்பில் குருவிகள் கூட்டமாகக் கீச்சிடுவதைப் போலவே கேட்கும். பெயரும் அதனால் வந்ததுதான். ஒவ்வொரு கீச்சும் கீழ் சுருதியில் தொடங்கி மேலேறி, பத்தில் ஒரு நொடி அளவில் முடிகிறது. தெறிப்பின் ஆயுளும் அவ்வளவே. கீச்சு ஒன்று எலக்ட்ரான் கூட்டத்தின் ஊடே போகும்போது, அலையின் ஆட்டத்தோடு சுழற்சி இசைந்த எலக்ட்ரான்களின் சாய்வு மாறுகிறது. சில, இழப்புக் கூம்புக்குள் போய் விழுகின்றன.

இந்த அலைக்கு இன்னொரு முகமும் உண்டு. வெளிப்பட்டையின் எலக்ட்ரான்களுக்கு வேகத்தை ஊட்டிக் கொலைகாரர்களாக வளர்ப்பதும் கோரஸ் அலைதான். 2012-இல் போன வான் ஆலன் புரோப்ஸ் என்ற இரட்டை விண்கலங்கள் இதற்கு வலுவான சான்று தந்தன. வளர்ப்பதும் அதுவே, வழித்து எறிவதும் அதுவே என்றால், எந்தப் பக்கம் எவ்வளவு என்ற கணக்கு இல்லாமல் ஒன்றையும் சொல்ல முடியாது. புயலின்போது தெறிப்புகள் மட்டுமே ஓரிரு நாளில் வெளிப்பட்டையைக் காலிசெய்யப் போதும் என்று சில மதிப்பீடுகள் வந்தன. ஆனால் அந்த மதிப்பீடுகள் எல்லாமே ஒரு தெறிப்பின் பரப்பளவு இவ்வளவு இருக்கும் என்ற ஊகத்தின் மேல் நின்றவை. விட்டம் பத்து கிலோமீட்டரா நூறு கிலோமீட்டரா என்பதில் பரப்பு நூறு மடங்கு மாறும்; இழப்பும் நூறு மடங்கு மாறும். சாம்பெக்ஸ் ஒற்றைக் கோள். அகலத்தையும் நேரத்தையும் பிரித்துச் சொல்ல அதனால் ஆகாது.

இரண்டு கோள் வேண்டும், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். பெரிய விண்கலம் கட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் செலவு இரட்டிப்பு என்பார்கள். கியூப்சாட் வந்ததும் பேச்சு மாறியது. ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் கலிபோர்னியா பாலிடெக்னிக்கின் ஜோர்டி புய்க்-சுவாரியும் 1999-இல் மாணவர்களுக்காக வகுத்த அளவு அது: பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரம். தேவைப்பட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக நீட்டிக்கொள்ளலாம். அளவு எல்லோருக்கும் ஒன்றே என்பதால், வேறு யாருடைய பெரிய கோளையோ ஏற்றிப்போகும் ராக்கெட்டில் ஒரு நிலையான பெட்டிக்குள் இதைச் செருகி அனுப்பிவிட முடியும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2008-இல் விண்வெளி வானிலை ஆய்வுக்கென்றே கியூப்சாட்டுகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், போஸ்மன் என்ற சின்ன ஊரில், மாணவர்கள் அதற்கு முன்பே கோள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்புளோரர்-1-இன் ஐம்பதாண்டு நினைவாக அவர்கள் செய்த கியூப்சாட்டில், வான் ஆலன் வழங்கியிருந்த கைகர் குழாய் ஒன்றை வைத்தார்கள். 2011 மார்ச்சில் அது ஏறிய டாரஸ் ராக்கெட்டின் மூக்குக்கூம்பு பிரியாமல் எல்லாமே கடலில் விழுந்தது. கைவசம் மாற்றுக் கோள் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 28-இல் அதை அனுப்பினார்கள். இம்முறை வேறொரு வேடிக்கை. பூமியின் காந்தப்புலத்தோடு ஒத்து நிற்பதற்காகக் கோளுக்குள் ஒரு நிலைக்காந்தம் வைத்திருந்தார்கள். அதே ராக்கெட்டில் போன மிஷிகன் பல்கலைக்கழகக் கியூப்சாட்டிலும் காந்தம் இருந்தது. சுற்றுப்பாதையில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொண்டன, பிரியவே இல்லை. மிஷிகன் கோளுக்குக் கட்டளை அனுப்ப முடியாமல் போயிற்று. மொன்டானா கோள் ஒட்டிய கூட்டாளியைச் சுமந்துகொண்டே வேலை செய்தது. விண்வெளிப் பொறியியல் பாடநூலில் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

அதே ஊர்க் குழுவும், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஹார்லன் ஸ்பென்ஸின் குழுவும் சேர்ந்து எடுத்த அடுத்த முயற்சிதான் ஃபயர்பேர்ட். மொன்டானாவின் பொறுப்பு டேவிட் கிளம்பரிடம். நியூ ஹாம்ப்ஷயர் உணரி செய்தது, மொன்டானா கோளைக் கட்டியது. முதல் ஜோடி 2013 டிசம்பரில் போனது. இரண்டாவது ஜோடி 2015 ஜனவரி 31-இல், நாசாவின் மண் ஈரப்பதக் கோளான ஸ்மாப் ஏறிய டெல்டா-2 ராக்கெட்டில் தொற்றிக்கொண்டு போனது. எக்ஸ்புளோரர்-1 கிளம்பிய அதே தேதி, 57 ஆண்டு கழித்து. திட்டமிட்டதல்ல, ஸ்மாப்பின் ஏவுதல் தள்ளிப்போனதால் அப்படி அமைந்தது.

ஒவ்வொரு கோளும் 10-க்கு 10-க்கு 15 சென்டிமீட்டர். வெளிப்புறம் முழுக்கச் சூரியத் தகடு, உள்ளே மின்கலம், ரேடியோ, கணினிப் பலகை, நிலைக்காந்தம், இரண்டு சிலிக்கான் உணரிகள். எஞ்சின் கிடையாது. ராக்கெட்டிலிருந்து வெளியேறும்போது கிடைத்த சின்ன வேக வித்தியாசத்தில் இரண்டும் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகும். அந்த விலகலே ஆய்வுக்கு உதவும் என்பதுதான் திட்டம். பக்கத்தில் இருக்கும்போது சிறியதை அளக்கலாம், தள்ளிப்போனதும் பெரியதை அளக்கலாம்.

சிலிக்கான் உணரிக்குள் எலக்ட்ரான் ஒன்று பாய்ந்தால், அது இழக்கும் ஆற்றலுக்கு ஏற்ற மின்துடிப்பு எழும். துடிப்பின் உயரத்தைப் பார்த்து, சுமார் இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆறு அடுக்குகளில் எண்ணிக்கையைப் போட்டார்கள். 18.75 மில்லிநொடிக்கு ஒரு எண்ணிக்கை. பத்தில் ஒரு நொடித் தெறிப்பு ஐந்து புள்ளிகளாவது விழும்படி கிடைக்கும்.

இங்கேதான் சிக்கனத்தின் விலை தெரிய ஆரம்பிக்கிறது. அத்தனை எண்ணிக்கையையும் பூமிக்கு அனுப்ப ரேடியோவுக்குத் திராணியில்லை. பழைய டயல்-அப் இணைப்பைவிட மந்தமான வேகம். அதுவும் தரைநிலையத்துக்கு மேலே கடக்கும் சில நிமிடங்கள் மட்டும். எனவே சில வாரம் பதிந்து வைத்துக்கொள்வார்கள். 6 நொடிக்கு ஒன்று என்ற பருமட்டான தரவு முதலில் வரும். அதை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, தெறிப்பு இருக்கும்போல் தோன்றும் பகுதிகளைக் குறித்து, அவற்றின் நுண்தரவை மட்டும் அனுப்பச் சொல்லிக் கட்டளை இடுவார்கள். பதிந்ததில் சிறு பகுதிதான் பூமிக்கு வந்து சேர்ந்தது. என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எது வேண்டும் என்று முடிவு செய்வது ஆராய்ச்சிக்கு அவ்வளவு நல்லதல்ல. வேறு வழியும் இல்லை.

ஏவிய மூன்றாவது நாளே பலன் கிடைத்தது. 2015 பிப்ரவரி 2 அன்று இரண்டு கோளும் பத்து இருபது கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டிலும் ஒரே தெறிப்பு பதிவாகியது. ஒரே இடத்தில் அல்ல, ஒரே நேரத்தில். அகலமா நேரமா என்ற கேள்விக்கு, அந்தத் தெறிப்பைப் பொறுத்தவரை, விடை வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று நான் எழுதும் வேகத்தில் அது வரவில்லை. இரண்டு கோளின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு நொடிக்கும் மேல் வித்தியாசம். பத்தில் ஒரு நொடி நிகழ்வை அளக்கப் போன இடத்தில் இரண்டு நொடிப் பிழை என்றால் மொத்தமும் பாழ். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து நகர்த்தி, தெறிப்புகளின் வரிசை எந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது என்று பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த நாளின் தரவுக்குள் இன்னொரு புதையல் இருந்தது. தெறிப்பின் கூர்முனைக்குப் பின்னால் அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இன்னொரு முனை, சற்றுச் சிறியதாக. அதற்குப் பின் அதைவிடச் சிறியதாக ஒன்று. அந்த இடைவெளி, எலக்ட்ரான் எதிர்த் துருவம் போய்த் திரும்பும் நேரத்துக்குச் சரியாக இருந்தது. அதாவது ஒரே எலக்ட்ரான் கூட்டம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் காற்றில் கழிந்து, மிச்சம் திரும்பியது. அந்தச் சில நொடிகளில் கூட்டம் கிழக்கே நகர்ந்துகொண்டும் இருந்தது, கோள்கள் தம் பாதையில் முன்னேறிக்கொண்டும் இருந்தன. ஆனாலும் கூட்டம் கோள்களின் பார்வையிலிருந்து விலகவில்லை. அப்படியென்றால் அதற்கு இவ்வளவு அகலமாவது இருந்தாக வேண்டும். மைக் ஷும்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட கணக்கில் வடக்குத் தெற்காகக் குறைந்தது 29 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகக் குறைந்தது 51 கிலோமீட்டர். இரண்டு சின்னப் பெட்டிகளையும் எலக்ட்ரானின் ஓட்டத்தையும் வைத்துக்கொண்டு நாலைந்து முனைகளிலிருந்து அவர்கள் எடுத்த இந்த அளவு, இந்தத் துறையில் நான் படித்த கணக்குகளிலேயே அழகானது.

மறு ஆண்டு ஜனவரி 20-இல் ஒரு ஃபயர்பேர்ட் கோளும், பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஒரு வான் ஆலன் புரோப் கலமும் கிட்டத்தட்ட ஒரே காந்தக் கோட்டின் இரு இடங்களில் அமைந்தன. மேலே கோரஸ் கீச்சுகள், கீழே தெறிப்புகள். எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது அரை நூற்றாண்டுச் சந்தேகம் தீர்ந்தது. இந்தச் சந்திப்பில் பெரிய கலத்தின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. கியூப்சாட் இல்லாமல் கோரஸை மட்டும் அளந்திருக்கலாம், ஆனால் பெரிய கலம் இல்லாமல் தெறிப்பின் காரணத்தை நிறுவியிருக்க முடியாது. சின்னக் கோள்கள் பெரியவற்றை வேலையிழக்கச் செய்துவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இடைவெளியைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்த இன்னொரு ஜோடியும் உண்டு: ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் 2014 ஜூனில் அனுப்பிய ஏரோகியூப்-6. ஃபயர்பேர்டைவிடச் சிறியவை. எஞ்சின் இவற்றுக்கும் இல்லை. ஆனால் அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலும் இம்மியளவு காற்று இருக்கிறது. ஒரு கோள் அகலப் பக்கத்தையும் மற்றது குறுகிய பக்கத்தையும் காற்றுக்குக் காட்டினால் இழுவை வேறுபடும். பாதைகள் மெல்ல விலகும். திருப்பி நிறுத்தினால் நெருங்கும். அந்தக் காற்றையே சுக்கானாகப் பிடித்து, சில கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை இடைவெளியை மாற்றிமாற்றி அளந்தார்கள். தெறிப்புகளில் பெரும்பாலானவை சில பத்து கிலோமீட்டருக்குள் அடங்குவது தெரிந்தது.

தெருவிளக்கும் அகப்பட்டது. முன்னால் போன கோள் ஓர் இடத்தில் கூர்முனையைப் பதிகிறது. பின்னால் வரும் கோள் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம் கழித்து, அதே இடத்துக்கு வரும்போது அதே முனையைப் பதிகிறது. நேரத்தில் துடிக்காத, இடத்தில் மட்டும் மெலிந்த எலக்ட்ரான் படலம். வடக்குத் தெற்காக இருபது கிலோமீட்டருக்குள் அடங்கி, கிழக்கு மேற்காக நீண்டு தொங்குவதால் திரைச்சீலை என்று பெயர் வைத்தார்கள். பெர்ன் பிளேக்கும் பால் ஓ'பிரையனும் 2016-இல் இதை எழுதினார்கள். சாம்பெக்ஸ் காலத்துப் பதிவுகளில் தெறிப்பு என்று எண்ணப்பட்டவற்றுள் எத்தனை திரைச்சீலைகள் கலந்திருந்தன என்று ஒற்றைக் கோளின் தரவை வைத்துப் பிரிக்க வழியில்லை. தெறிப்பின் மிச்சம்தான் கிழக்கே நகர்ந்து நீண்டு திரைச்சீலை ஆகிறதா? சில ஆய்வாளர்கள் அப்படிக் கருதினார்கள். ஆனால் உடனே காற்றில் விழுந்து தீர வேண்டிய இடங்களிலும் சில திரைச்சீலைகள் தென்பட்டதால், அந்த விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை.

விழும் எலக்ட்ரான்களுக்கு என்ன ஆகிறது என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் சுமார் 60 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கும். வழியில் நைட்ரஜனையும் நீராவியையும் உடைத்து, ஓசோனை அழிக்கும் சேர்மங்களை உண்டாக்கும். அங்கே, அந்த உயரத்து ஓசோனில்தான் பாதிப்பு. நாம் வழக்கமாகக் கேள்விப்படும் ஓசோன் அடுக்கு அதற்கு வெகு கீழே இருக்கிறது. இன்னொரு பக்கம், விட்டுவிட்டு ஒளிரும் துடிப்புத் துருவ ஒளியும் தெறிப்பும் ஒரே கோரஸ் அலையின் இரு விளைவுகள் என்ற கருத்தை ஜப்பானின் யோஷிசுமி மியோஷி முன்வைத்தார். நடுக்கோட்டருகே அலை மென்மையான எலக்ட்ரான்களைத் தள்ளிவிட்டு ஒளியை ஏற்றுகிறது. அதே அலை கோட்டின் வழியே துருவப் பக்கம் முன்னேறும்போது வேகமான எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது. இதைச் சோதிக்க 2022 மார்ச் 5-இல் அலாஸ்காவின் போக்கர் ஃபிளாட்டிலிருந்து ஒரு ராக்கெட்டை நேராகத் துடிப்பொளிக்குள்ளேயே செலுத்தினார்கள்.

ஃபயர்பேர்ட் விட்ட குறை ஒன்று உண்டு. அதன் உணரிக்குப் பார்வை அகலம். உள்ளே வந்த எலக்ட்ரான் இழப்புக் கூம்புக்குள் இருந்ததா, விளிம்பில் தப்பித்துத் திரும்பப் போகிறதா என்று அதற்குத் தெரியாது. நிலைக்காந்தம் கோளைப் புலக்கோட்டோடு ஏறக்குறைய நிறுத்தும், அவ்வளவே. அகலம் தெரிந்தாலும், அந்த அகலத்துக்குள் வந்தவற்றில் எத்தனை உண்மையில் தீர்ந்துபோயின என்பது தெரியாவிட்டால் செலவுக் கணக்கு முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் 2018 செப்டம்பரில் அனுப்பிய எல்ஃபின் ஜோடி, கோளையே சுமார் மூன்று நொடிக்கு ஒரு சுற்று சுழலவைத்துத் திசைகளைப் பிரித்துப் பார்த்தது. இறங்கும் எலக்ட்ரான், திரும்பும் எலக்ட்ரான், நடுவே சிக்கியது என்று மூன்றையும் ஒரே சுழற்சியில் அளந்து, நான்கு ஆண்டு தரவு தந்து 2022-இல் எரிந்தது. அதற்கும் ஓர் எல்லை இருந்தது: ஒரு சுழற்சி முடிவதற்குள் பத்து இருபது தெறிப்புகள் வந்துபோய்விடலாம்.

சுழலாமலே பல திசைகளையும், மில்லிநொடி அளவில், ஒரே நேரத்தில் பார்க்கும் உணரியோடு டார்ட்மத் கல்லூரியின் ராபின் மில்லன் தலைமையில் உருவான கியூப்சாட் ரியல். 2025 ஜூலை 23-இல், கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க்கிலிருந்து ட்ரேசர்ஸ் கோள்களோடு ஏறிப் போனது. அது தனியாள், கூட்டாளி இல்லை. திசையைப் பிரிக்கத் தெரிந்த கோளுக்கு அகலம் தெரியாது, அகலம் அளந்த ஜோடிக்குத் திசை தெரியாது. தெறிப்பின் வேகத்தில் இரண்டையும் அளக்கும் ஜோடி ஒன்று இன்னும் தேவை.